வெந்நீர் மட்டும் என்று நான் எழுதிய நாள்

"நீ பேப்பர்ல போடுற மாங்கா பழுக்காதும்மா" என்றார் முனிரத்தினம் அண்ணன்.

சித்தூருக்குக் கிழக்கே, கங்காதர நெல்லூர் போகும் சாலையில் உள்ள ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் நான் திட்டப் பிரிவுக்கு மாறிய முதல் வாரம் அது. அவர் காய் கொள்முதல் செய்பவர். நான் உற்பத்தித் திட்டம் போட வந்தவள். இரண்டு நாள் உட்கார்ந்து அச்செடுத்திருந்த திட்டத்தை அவர் கையில்கூட வாங்கவில்லை. யார்டில் கொட்டிக் கிடந்த பெங்களூரா ரக மாங்காய்களைக் காட்டினார்.

"இதுங்களுக்குத் தேதி தெரியுமா? வெயில் அடிச்சா நாலு நாள்ல பழுக்கும். மழ புடிச்சா ஏழு நாள் ஆவும். நீ இன்னாடான்னா திங்கக்கெழம, செவ்வாக்கெழமன்னு எழுதிக்கினு கீற."

எழுதுவது என் வேலை, பழுப்பது அதன் வேலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வயதில் எனக்குத் திமிர் அதிகம்.

அங்கே எட்டு சீசன் வேலை பார்த்துவிட்டு இந்த மார்ச் மாதம் வெளியே வந்தேன். எங்கள் தொழிலில் வருஷத்தைச் சீசனால்தான் எண்ணுவார்கள். எனக்கு ஓய்வு பெறுகிற வயதில்லை. ஆனாலும் கிளம்பும்போது பிரமீளா என்னைப் பிடித்துக்கொண்டாள். திட்டப் பிரிவில் என் இடத்துக்கு வந்திருக்கிற பெண். இப்போது திட்டத்தைக் கணினியே போட்டுத் தந்துவிடுகிறது. அதில் 'நிற்கும் நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் எந்த ஆர்டரும் அடுத்த பக்கத்துக்குப் போகாது.

"அக்கா, அந்தக் கட்டம் எதுக்குன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. நீங்க எதோ தப்பு பண்ணிட்டீங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. நீங்கதான் கம்பெனிய காப்பாத்தினீங்கன்னு இன்னொருத்தர் சொல்றாரு. எது நெஜம்க்கா?"

முதலில் சொன்னவர் சொன்னதுதான் நிஜம். அதை எழுதித் தருகிறேன் என்றேன்.

என் ஊர் சித்தூருக்குத் தெற்கே, குடிபாலாவுக்கு உள்ளே தள்ளியிருக்கிறது. நைனா மாந்தோப்புகளில் காவல் இருந்தார், காய் பறித்தார். அம்மாவும் அங்கேயே கூலி. எங்கள் வீட்டில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ். சித்தூரில் உணவுத் தொழில்நுட்பமும் திருப்பதியில் நிர்வாகமும் படித்தேன். முதல் இரண்டு சீசன் தரப் பரிசோதனை அறையில் நின்றேன். பிறகு திட்டம். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் படுகிற பாடுதான்.

ஆலை எப்படி ஓடும் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் நான் செய்த தப்பு புரியாது.

டிராக்டரில் வரும் காயை யார்டில் பரப்புவார்கள். தினமும் பழுத்ததைப் பொறுக்கிக் கழுவும் தொட்டிக்கு அனுப்புவார்கள். கொட்டை நீக்கி, அரைத்து, வடிகட்டிய கூழ், நீளமான குழாய்களுக்குள் கொதி சூட்டில் ஓடும். அங்கேதான் கிருமி சாகிறது. ஆறிய பிறகு, காற்றுப் படாமல் பையில் நிரப்பி, பையை இரும்பு ட்ரம்முக்குள் வைத்து மூடுவார்கள். சரியாகச் செய்தால் ஒன்றரை வருஷம் கெடாது.

அந்தக் குழாய்தான் ஆலையின் உயிர். பால் காய்ச்சும் பாத்திரத்தில் அடிப் பிடிப்பதைப் போல அதிலும் கூழ் பிடிக்கும். பதினெட்டு மணி நேரம் ஓடினால் நிறுத்தியே ஆகவேண்டும். தண்ணீர், காரம், மறுபடி தண்ணீர், அமிலம், மறுபடி தண்ணீர், பிறகு கொதி நீரைச் சுற்றவிட்டுக் கிருமி நீக்கம். எல்லாம் முடிய ஐந்து மணி நேரம் பிடிக்கும். அந்த ஐந்து மணி நேரம் ஒரு ட்ரம்கூட நிறையாது. யார்டில் பழம் பழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு நிறுத்தம் கிடையாது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் சில சின்னப் பைகளை நிரப்பி, சூடான ஒரு அறையில் பத்து நாள் வைப்போம். கிருமி தப்பியிருந்தால் பை ஊதும். பத்தாம் நாள் வரைக்கும் ஊதாவிட்டால் ட்ரம் வெளியே போகலாம்.

எங்கள் ஆலைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. வாசலுக்கு வந்த வண்டியைத் திருப்பி அனுப்பக்கூடாது. ஆலையைத் தொடங்கிய பெரியவர் சொல்லிவிட்டுப் போனது. காய் ஏராளமாக விளைந்த ஒரு வருஷம் மற்ற ஆலைகள் கேட்டை மூட, விவசாயிகள் சாலையோரம் காயைக் கொட்டிவிட்டுப் போனார்களாம். இவர் மட்டும் எல்லா வண்டியையும் உள்ளே விட்டாராம். அன்றிலிருந்து சுற்றியுள்ள மூன்று மண்டலத்து விவசாயிகள் நல்ல காயை முதலில் எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். திருப்பதி தலைமை அலுவலகத்தில் வியாபார உத்தி என்று திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள். அதில் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இருந்ததில்லை. ஆனால் கம்பெனி நின்றதே அதன் மேல்தான்.

நான் சேர்ந்து ஐந்தாவது சீசன். பிப்ரவரியில் திருப்பதிக்குக் கூப்பிட்டார்கள். குழந்தை உணவு தயாரிக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் தருகிறார், ஆலையிலிருந்தும் ஒருவர் கூட்டத்தில் இருக்கட்டும் என்று. பிளான்ட் மேனேஜர் என்னை அனுப்பினார். ஆர்டர் கூட்டத்துக்கு ஆலையிலிருந்து ஒருவர் போனது அதுதான் முதல் தடவை.

ஜி.எம். ரங்கநாயகுலு சார் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி ஆலையில் எல்லோரும் பயந்து பயந்துதான் பேசுவார்கள். அவர் கத்திய நாளே கிடையாது. நாம் பேச ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொள்வார். பேசி முடித்ததும், "தர்வாத?" என்பார். அப்புறம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சொல்வோம். மறுபடி "தர்வாத?" மூன்றாவது தடவைக்குள் மறைக்க நினைத்ததெல்லாம் வாயிலிருந்து வந்துவிடும். கத்துகிறவரிடம் தப்பிக்கலாம், இந்த மனுஷனிடம் முடியாது என்பார் முனிரத்தினம் அண்ணன்.

விற்பனைத் தலைவர் திரையில் கணக்குக் காட்டினார். மணிக்கு இத்தனை டன், நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம், மாதத்துக்கு முப்பது நாள். பெருக்கினால் ஆர்டர் அளவு சரியாக வந்தது. அவர் கணக்கில் குழாயைக் கழுவவே வேண்டாம்.

ரங்கநாயகுலு சார் என் பக்கம் திரும்பினார். "பேக்டரி என்னம்மா சொல்லுது?"

பதினொரு பேர் இருந்த அறை. நான் ஒருத்திதான் பெண். நான் ஒருத்திதான் ஆலையிலிருந்து வந்தவள். பதினெட்டு மணி நேரம் என்ற எண் நாக்கு நுனியில் இருந்தது. முடியாது என்று சொன்னால், இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை, வேறு ஆளைக் கூப்பிடு என்பார்களோ என்று தோன்றியது. உள்ளங்கை வேர்த்தது.

"செய்யலாம் சார்" என்றேன்.

அன்றைக்கு அவர் தர்வாத கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் பிறந்தது. வெயில் கொளுத்தியதில் எல்லாத் தோப்பும் ஒரே வாரத்தில் முற்றியது. ஒரு புதன்கிழமை காலையிலேயே டிராக்டர் வரிசை சாலை வளைவைத் தாண்டிவிட்டது. பழக்கப்படி ஒரு வண்டியையும் திருப்பவில்லை. யார்டில் கால் வைக்க இடமில்லை. அடியில் கிடந்த பழம் நசுங்கிச் சாறு ஓடியது. பிளான்ட் மேனேஜருக்குக் காய்ச்சல், வரவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு பதினெட்டு மணி நேரம் முடிந்தது. கழுவலுக்கு நிறுத்த வேண்டும்.

அப்போது போன் வந்தது. தணிகாசலம் மாமா. எங்கள் ஊர்க்காரர். நான் கல்லூரியில் சேர்ந்த நாளில் பெட்டியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டவர்.

"பாப்பா, ஏழு மணிலேர்ந்து ரோட்டுல நிக்கறன். அடியில கீற காய் வெந்துக்கினு கீது. உள்ள இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"பாக்கறன் மாமா."

"நம்மூரு வண்டி மட்டும் ஆறு நிக்குது. பாப்பா உள்ளதான கீதுன்னு எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கினு கீறன்."

குழாயை இயக்குகிற யுகந்தரிடம் போனேன். முழுக் கழுவல் வேண்டாம், வெந்நீர் மட்டும் விட்டு அரைமணியில் மறுபடி ஓட்டு என்றேன். ஒரு தடவைதானே. நாலரை மணி நேரம் மிச்சமாகும். அதற்குள் எங்கள் ஊர் வண்டி எல்லாம் உள்ளே வந்துவிடும்.

யுகந்தர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "ஒத்து மேடம். வேணாம்."

"ஒரு தடவைப்பா."

"அப்ப லாக் புக்குல மீரே ராயண்டி. நீங்களே எழுதுங்க. நான் எழுத மாட்டேன்."

எழுதினேன். இங்கிலீஷில் மூன்று சொல். வெந்நீர் மட்டும். கீழே என் கையெழுத்து. நைனாவுக்கு வைக்கத் தெரியாத கையெழுத்து.

மறுநாள் காலை முழுக் கழுவல் செய்தோம். இடையில் அந்த ஓட்டத்தில் தொண்ணூற்றிரண்டு ட்ரம் நிறைந்திருந்தது.

பயம் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் சூடு அறையில் சாம்பிள் பைகளை அடுக்கும்போது வந்தது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. எந்த வரிசை என்று எனக்குத்தான் தெரியும். தினமும் காலையில் வேறு ஏதோ வேலைபோல உள்ளே போய் அந்தப் பைகளைத் தொட்டுப் பார்ப்பேன். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும். சரி, இன்றைக்கில்லை. வெளியே வந்தால் முதுகு நனைந்திருக்கும். அறையின் சூடு என்று சொல்லிக்கொள்வேன். சாப்பாடு இறங்கவில்லை. "துன்ன சோறு உடம்புல ஒட்டல, இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று அம்மா வீடியோ போனில் முகத்தைப் பார்த்தே கேட்டாள். குழந்தை உணவு என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி, எந்த ஊரிலோ, கரண்டியில் எடுத்து ஊட்டுவாள்.

பத்து நாள் முடியும்வரை ட்ரம் அசையாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே தைரியம். ஐந்தாம் நாள் அதுவும் போயிற்று. கப்பல் தேதி முந்திவிட்டது, ட்ரம்களை இப்போதே சென்னைத் துறைமுகக் கிடங்குக்கு ஏற்றுங்கள், ரிசல்ட் வருவதற்குள் அங்கே போய்ச் சேரட்டும் என்று திருப்பதியிலிருந்து உத்தரவு. லாரி ஏழாம் நாள் காலை. கிடங்குக்குப் போனது கப்பலுக்கும் போய்விடும். யார் திருப்பி எடுப்பார்கள்?

தர அறையில் சொன்னால் தலைமை அலுவலகத்தைக் கேட்பார்கள். தலைமை அலுவலகம் லாக் புக்கைக் கேட்கும். அதில் என் கையெழுத்து. பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. ஊதாமலும் போகலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. லாக் புக்கை யார் புரட்டப்போகிறார்கள்?

ஆறாம் நாள் காலை சித்தூரில் திருப்பதிக்கு ரயிலேறினேன். பாகாலாவில் வண்டி வெகுநேரம் நின்றது. இறங்கித் திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, "மொட்டை போடப் போறியாம்மா?" என்று கேட்டாள். நான் இருந்த நிலைமையில் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

ரங்கநாயகுலு சார் மேசையில் ஒரு டம்ளர் மோரைத் தவிர எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. நான் உட்காரவில்லை.

"அந்த லாரி போகக்கூடாது சார்."

கண்ணாடியைக் கழற்றினார். "தர்வாத?"

"புதன்கிழமை மத்தியானம் ஓட்டின ட்ரம்முங்க. அதுக்கு முன்னாடி முழுக் கழுவல் செய்யல. வெந்நீர் மட்டும் விட்டோம்."

"தர்வாத?"

"நான்தான் சொன்னேன் சார். யுகந்தர் வேணாம்னான். நானே லாக் புக்குல எழுதினேன்."

"தர்வாத?"

சொல்ல வந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் காத்திருந்தார். என் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"பிப்ரவரில நீங்க கேட்டப்ப செய்யலாம்னு சொன்னேன். முடியாதுன்னு அன்னிக்கே தெரியும் சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தெரிஞ்சும் ஏன் சொன்னே?"

"பயம் சார்."

"யாரைப் பாத்து? என்னையா?"

"உங்களையும்தான். முடியாதுன்னா எனக்கு வேலை தெரியலன்னு நெனச்சிடுவீங்கன்னு."

அவர் போனை எடுத்து, "ஆ லாரி ஆபண்டி" என்றார். லாரியை நிறுத்துங்கள். யாரோ ஏதோ வாதாடுவது கேட்டது. போனை வைத்துவிட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"கூர்ச்சோ. உக்காரு. ஒரு நாளைக்கு மெஷின் எவ்வளவு ஓடும், எவ்வளவு நிக்கும், யார்டு எவ்வளவு தாங்கும். எழுது."

எழுதினேன். விற்பனைத் தலைவரை வரச் சொல்லி அதைப் படிக்கச் சொன்னார். அவர் பாதியிலேயே நிமிர்ந்தார்.

"இது பேக்டரி விஷயம் சார். நமக்கெதுக்கு?"

"நீ வித்ததே இதைத்தான்யா" என்றார் ரங்கநாயகுலு சார். "வாங்கறவனுக்கு நீ ஒரு வாக்குக் குடுத்துட்டே. விவசாயிக்குப் பெரியவர் ஒரு வாக்குக் குடுத்துட்டார். ரெண்டும் அந்த ஒரே குழாய்லதான் போகணும். அதை யாராவது கேட்டோமா? கேட்டேன். செய்யலாம்னு சொல்லிடுச்சு இந்தம்மா."

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கிளம்பும்போது சொன்னார்: "பை ஊதினாலும் ஊதலைன்னாலும் உன் பேரோடதான் ரிப்போர்ட் போகும். இன்னொண்ணு. முதலாளிகிட்ட நான் பேசறேன். நாளையிலிருந்து வண்டிக்கு நாள் குறிச்சு சீட்டு. சீட்டு இல்லாத வண்டி உள்ளே வரக்கூடாது. அதைக் கேட்டுல நின்னு நீதான் சொல்லணும்."

பெரியவர் காலத்திலிருந்து இருந்த பழக்கத்தை மறுநாள் காலை நான் முறித்தேன். கையில் சீட்டுக் கட்டு. முதல் வண்டியில் தணிகாசலம் மாமா.

"இன்னாது பாப்பா, சீட்டா? சினிமாவுக்கா வந்துகீறோம்?"

"மாமா, இன்னைக்கு வாங்கினா கீழ போட்டு அழுக வெக்கத்தான் முடியும். நாளைக்கு ஏழு மணிக்கு உங்க வண்டிதான் மொத வண்டி."

அவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். பின்னால் ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க நைனா தோப்புல காவ காத்தான். நீ படிச்சிட்டு வந்து கேட்டுல காவ காக்கற. அவ்ளோதான வித்தியாசம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். முனிரத்தினம் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். சீட்டுக் கட்டில் பாதியை வாங்கிக்கொண்டார். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு ஆலைக்குப் போனார். அவரோடு ஐந்து வண்டி போயிற்று. இரண்டு சீசன் எங்கள் வீட்டுக் கல்யாணம் காரியம் எதற்கும் அவர் வரவில்லை. நைனா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை சூடு அறையைத் திறந்தேன். அந்த வரிசையில் இரண்டு பை எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருந்தது. விரல் வைத்தால் உள்ளே போகவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது நிம்மதி. ஊதாமல் இருந்திருந்தால், வெறுமனே லாரியை நிறுத்தினாள் என்பார்களே என்று ஒரு பயம் அடியில் இருந்திருக்கிறது. தொண்ணூற்றிரண்டு ட்ரம் கூழ் குப்பைக் குழிக்குப் போகப்போவதைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டேன். அதற்காக இன்றும் எனக்கு வெட்கம்.

ரிப்போர்ட் என் பெயரோடு போனது. வாங்குகிறவர் ஆர்டரைக் குறைத்துக்கொண்டார். ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. என்னை அந்த சீசன் முடியும்வரை ஸ்டோர் அறையில் போட்டார்கள். திருகாணியும் பையும் எண்ணினேன். அடுத்த வருஷம் பிப்ரவரியில் திருப்பதியிலிருந்து போன் வந்தது. இனிமேல் ஆர்டர் கூட்டத்தில் ஆலைக்கு ஒரு நாற்காலி உண்டு, அதில் நான் உட்கார வேண்டும், ஆலை முடியாது என்று சொன்னால் அந்த ஆர்டர் அங்கேயே நிற்கும் என்று. 'நிற்கும் நேரம்' என்ற கட்டத்தை நான் அந்த வருஷம்தான் போட்டேன். பிரமீளா, அதில் நீ எண்ணை நிரப்பும்போது உனக்குக் கொஞ்சம் பயம் வந்தால் பரவாயில்லை. பயமில்லாமல் நிரப்புகிறவர்களை நான் நம்ப மாட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று சீசன், அந்த நாற்காலியில் ஒவ்வொரு தடவை முடியாது என்று சொல்லும்போதும் உள்ளங்கை வேர்த்தது. பழகவே இல்லை.

இப்போது பாகாலாவில் ஒரு ஷெட். எட்டு விவசாயிகளும் நானும் சேர்ந்து சின்னதாக ஒரு கூழ் ஆலை போட்டிருக்கிறோம். ஒரே குழாய், சின்ன யார்டு. போன வாரம் ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து முதல் ஆர்டர் வந்தது. முழு சீசனுக்கும். கூட்டாளிகள் இனிப்பு வாங்கிவிட்டார்கள். நான் தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். நாம் கழுவுகிற நேரம் போக இதில் பாதிதான் முடியும்.

"மொத ஆர்டர்லயே முடியாதுன்னா அப்புறம் எவன் வருவான்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. அவர்கள் முழு ஆர்டரையும் இழக்கலாம். எட்டுக் குடும்பம்.

பிறகு, நீயே முடிவு பண்ணு என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று காலை பத்து இருபதுக்கு அந்தக் கம்பெனிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டதில் பாதிதான் எங்களால் செய்ய முடியும், மீதிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இப்போது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. பதில் வரவில்லை.